கடல் வராத வளவுகள்

அந்த வரைபடத்துக்கு எறும்பு வரும். நாலு பெரிய தாள்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, முற்றத்து வெயிலில் காயவிட்டு, அட்லசின் மேல் விரித்துக் கோடு எடுத்து, பிறகு நாலையும் கோதுமை மாப் பசையால் ஒட்டிச் செய்த படம் அது. எண்ணெயும் மாவும் சேர்ந்தால் எறும்பு சும்மா இருக்குமா? எங்கள் வீட்டுத் தெற்கறைச் சுவரில் சுமாத்திராப் பக்கமாக ஏறி, இந்து சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து, இலங்கையின் கிழக்குக் கரையில் வரிசையாக வந்து இறங்கும். அந்த அறையில் குடியிருந்த பூமிசாத்திர ரீச்சர் அவற்றை ஒரு நாளும் நசுக்கியதில்லை. துணியால் மெல்லத் தட்டிவிட்டு, "வழி தெரிஞ்சுதான் வருகுதுகள்" என்பார். எனக்கு அப்போது அது பகிடியாகத்தான் கேட்டது.

படத்தில் சிவப்பு மையால் புள்ளிகள். ஒவ்வொன்றும் பூமி நடுங்கிய இடம். புள்ளியிலிருந்து நீல மையில் கோடுகள் புறப்பட்டு, அந்த நடுக்கத்தால் கடல் பொங்கி ஏறிய கரைகளில் போய் முடியும். சிலி நாட்டுக் கரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புள்ளி இருந்தது. அதிலிருந்து போன கோடு பசிபிக் சமுத்திரம் முழுவதையும் தாண்டி யப்பானில் முடிந்தது. அறுபதாம் ஆண்டு அந்தச் செய்தி பேப்பரில் வந்த அன்று, பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் எல்லோரும் ஒரு நிமிடம் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு ரீ குடிக்கப் போனோம். அவர் மட்டும் போகவில்லை. கத்தரிக்கோல் கேட்டார்.

அவர் குடாநாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கலியாணம் கட்டவில்லை. முல்லைத்தீவில் தனியாக வந்து நின்ற பெண்ணுக்கு அறை கொடுக்க என்னைப் பெற்ற ஐயா சம்மதித்ததே, நானும் அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்ததால்தான். காலையில் இரண்டு பேரும் ஒன்றாக நடந்து போவோம், பின்னேரம் ஒன்றாகத் திரும்புவோம். எனக்கு அவர் வகுப்பெடுக்கவில்லை. நான்தான் அவருக்கு எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தச் சங்கக்கடை மனேச்சர் நிறையில் கள்ளம் செய்வார் என்று படிப்பித்தேன். மெலிந்த உடம்பு, உரத்த குரல், பிடிவாதம். ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் பல்லில் இறால் கோது சிக்கியவர் மாதிரி அதையே துழாவிக்கொண்டிருப்பார்.

சிலிச் செய்திக்குப் பிறகு அவர் மனதில் விழுந்த கேள்வி இதுதான். சுமாத்திராப் பக்கத்திலும் பூமி அடிக்கடி நடுங்குகிறது. அந்தப் பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒரு நாள், வீடும் தென்னைகளும் நின்ற எங்கள் வளவின் கிழக்கு வேலிக்கு அப்பால் மணலில் நின்று கடலைக் காட்டிச் சொன்னார்: "இஞ்ச இருந்து நேர பாரும். ஒரு தீவு இல்லை, ஒரு கல்லு இல்லை. வெறுந் தண்ணி." யப்பான்காரர் அந்த அலைக்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். நான் அதை அன்றே மறந்துவிட்டேன். நாற்பது வருடத்துக்கு மேல் கழிந்து, இந்த நாட்டில் சின்னக் குழந்தைகளும் அந்தப் பெயரைச் சொல்லி அழுதபோதுதான் எனக்குத் திரும்ப நினைவு வந்தது.

அந்தக் காலத்தில் புதிய பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கடற்கரையோரமாக இடம் பார்த்திருந்தார்கள். கரையிலிருந்த அரசாங்கக் காணிகளைப் பெர்மிட்டில் கொடுத்து வீடுகள் கட்ட விடப் போகிறார்கள் என்ற கதையும் அடிபட்டது. ரீச்சர் முடிவெடுத்தார். முந்தி எப்போதாவது இந்தக் கரையில் கடல் ஏறியிருக்கிறதா, ஏறியிருந்தால் எதுவரை வந்தது என்று வீடு வீடாகக் கேட்டு, எங்கள் கரைக்கே தனியாக ஒரு படம் கீறி, காணிகளைப் பொறுப்பாகப் பார்க்கும் காரியாதிகாரியிடம் கொடுப்பது. கோடு எங்கே விழுகிறதோ அதற்கு மேற்கே பள்ளிக்கூடத்தையும் வீடுகளையும் கட்டுங்கள் என்று கேட்பது. புயலோடு வந்த கடலை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அவர் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "காத்தோ மழையோ இல்லாத நாளில கடல் உள்ளுக்கு வந்ததெண்டு உங்கட பெரியாக்கள் ஆரும் சொன்னவையோ?"

பின்னேரங்களில் நானும் கூடப் போனேன். முதல் நாளே நல்ல பலன் கிடைத்தது. கரைவலை இழுத்துத் தோள் காய்த்துப்போன ஒரு கிழவர், மூன்று ஆண் பிள்ளைகளின் தகப்பன், பாயைத் தட்டிப் போட்டு இருத்திவைத்துச் சொன்னார். தன் தகப்பன் வாலிபனாக இருந்த நாளில், அடித்த வெயிலில், காற்று ஓய்ந்து கிடந்த நேரத்தில், கடல் முதலில் கீழே போய், அடியில் கிடந்த கற்பாறை வெளியே தெரிந்ததாம். பிறகு சத்தமில்லாமல் எழும்பி, வளவுகளுக்குள்ளால் ஓடி, வள்ளங்களைத் தூக்கி மேற்கே நந்திக்கடல் களப்புப் பக்கம் போட்டுவிட்டதாம். "இந்தத் தென்னை வரைக்கும் பிள்ளை" என்று எழும்பிப் போய் ஒரு மரத்தைத் தொட்டுக் காட்டினார். ரீச்சர் கொப்பியை எடுத்து அதைக் குறித்தார். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தடவை திரும்பிப் போய் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். சந்தோசத்திலும் பயத்திலும் மனிதர்கள் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள் போலும்.

மறுநாள் அதே வேலிக்கு அடுத்த வீடு. வீட்டுக்காரி மகளின் தலைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தவர், கேள்வியைக் கேட்டதும் சீப்பை நிலத்தில் வைத்தார். "எங்கட வளவுக்கையோ? ஆர் உங்களுக்கு உந்தக் கதை சொன்னது? எங்கட கடல் தண்ணியிலதான் வற்றாப்பளை அம்மாளாச்சிக்கு விளக்கு எரியுது. அந்தக் கடல் எங்களுக்குக் கெடுதல் செய்யுமோ?" என்றார். நாங்கள் படலையைத் தாண்டும்வரை பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டில் இருந்தது. இப்படியே ஒரு மாதம்.

ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஆட்களை வைத்துக் கரைவலை இழுப்பிக்கும் சம்மாட்டி. எங்கள் வளவு கடலைப் பார்த்த வளவு. ரீச்சருக்கு முன்னால் ஒன்றும் சொல்லமாட்டார். குசினி வாசலில் என்னைக் கூப்பிட்டு, "ரீச்சருக்குச் சோறு குடு. கதை குடாதை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருக்கும் எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஏனென்றால் எங்கள் வளவின் வடகிழக்கு மூலையில் மண் போட்டு மூடிய கிணறு ஒன்று இருந்தது. கடல் வந்த அன்று அந்தக் கிணறு நிரம்பி, அதற்குப் பிறகு ஒரு வாளி நல்ல தண்ணீர் தரவேயில்லை. மூடியவர் ஐயாவின் தகப்பனார். அதை ஐயா எனக்குச் சொன்னது, நான் சிறு பிள்ளையாக அந்த மேட்டில் ஏறி விளையாடிய நாளில். வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாது என்றும் அன்றே சொல்லிவிட்டார்.

அவர் வாயை மூடச் சொன்னதற்குக் காரணம் என் தங்கை. எங்கள் பக்கத்தில் வளவு பெண் பிள்ளைக்குத்தான் போகும். ஆண் பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போய் அங்கே கிடைக்கும் வளவில் இருப்பான். எனக்குக் கடலிலிருந்து தள்ளி முள்ளியவளையில் இருந்த வயலும் வீடும் எழுதியாகிவிட்டது. தங்கைக்குக் கடற்கரை வளவு. அவளுக்குப் பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு நல்ல இடம் பேச்சில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து வளவைச் சுற்றிப் பார்த்து, தென்னைகளை எண்ணி, கரைவலை இழுக்கும் இடம் எவ்வளவு கிட்ட என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கடல் உள்ளே வந்த வளவு என்று ஒரு சொல் அவர்கள் காதில் விழுந்தால் அவ்வளவுதான். தங்கை அந்தப் பையனை ஒரே ஒரு தடவை கதவிடுக்கால் பார்த்தவள். அதற்குப் பிறகு அவள் பாத்திரம் கழுவும்போதும் பாடினாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் கரையின் படத்தைக் கட்டிலில் விரித்திருந்தார். ஒவ்வொரு வளவும் ஒரு பெட்டி. கடல் வந்தது என்று சொன்ன வளவுகளுக்குச் சிவப்பு. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு வளவு சிவப்பு, அடுத்த மூன்று வெள்ளை, பிறகு இரண்டு சிவப்பு, பிறகு வெள்ளை. "கடல் இப்பிடி வேலி பாத்து வருமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அந்த வீட்டுப் பிள்ளைகளை எழுதத் தொடங்கினார். யாருக்கு எத்தனை ஆண், எத்தனை பெண் என்று என்னிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதி முடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"பாத்தீரோ? ஆம்பிளைப் பிள்ளையள் மட்டும் இருக்கிற வீட்டுக்கை கடல் வந்திருக்கு. பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீட்டுப் படலையில நிண்டு யோசிச்சுப்போட்டுத் திரும்பிப் போயிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவரும் சிரித்தார். எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று தெரியாது. பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, எங்கள் வளவுப் பெட்டியில் விரலை வைத்தார். அதில் இரண்டு பெண் என்று எழுதியிருந்தது.

"உங்கட வளவில அந்த மூடின கிணறு இருக்கே. அது ஏன் மூடினது?"

வெளியே முற்றத்தில் தங்கை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் அவள் கை போய்வருவது யன்னலால் தெரிந்தது. நான் சொன்னேன்: "பாம்பு விழுந்து செத்துப்போச்சு. அதுதான் மூடினது."

ரீச்சர் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். கோபமில்லை. என்னிடமிருந்து இன்னொரு வசனம் வரும் என்று காத்திருந்ததாகத்தான் இன்று நினைக்கிறேன். அது வரவில்லை. அவர் குனிந்து, தன் கொப்பியில், எங்கள் வீட்டுப் பெயருக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினார். எழுத்து அழகாக இருந்தது. அவர் எழுத்து எப்போதும் அழகு.

காரியாதிகாரியின் கந்தோருக்கு இரண்டு பேரும்தான் போனோம். அவர் மரியாதையான மனிதர். கதிரை தந்தார், படத்தை மேசையில் விரிக்கச் சொன்னார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகவே பார்த்தார். சிலியையும் யப்பானையும் ரீச்சர் விளக்கியபோது தலையாட்டினார். எங்கள் கரைப் படத்தைப் பார்த்ததும் அவருக்கு உதடு கோணியது. "ரீச்சர், இந்த வீட்டுக்கு வந்திருக்கு, பக்கத்து வீட்டுக்கு வரேல்லை. அங்கால வந்திருக்கு, பிறகு வரேல்லை. இது கடலோ, தபால்காரனோ?" கந்தோரில் இருந்த கிளாக்கர்மார் சிரித்தார்கள். ரீச்சர் வாயைத் திறந்தார். அந்த வெள்ளைப் பெட்டிகளுக்கு அவரிடம் காரணம் இருந்தது, கொப்பியில் எழுதியே இருந்தது. ஆனால் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். படத்தைச் சுருட்டி, "சரி ஐயா, வாறம்" என்று எழுந்தார்.

பஸ்ஸில் வரும்போது, ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். கேட்க எனக்கு வெட்கமிருக்கவில்லை, பாருங்கள். "சொன்னா அந்தப் பெட்டையள் எல்லாம் கலியாணமில்லாமல் வீட்டில இருப்பினம்" என்றார். "கந்தோரில சொன்ன கதை பின்னேரம் சந்தைக்கு வந்திடும். எனக்கு அது தெரியாதே?" பஸ் தண்ணீரூற்றில் நின்று ஆட்களை இறக்கியது. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, எனக்கென்று இல்லாத மாதிரிச் சொன்னார்: "பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீடு ஒண்டு, ஒரே ஒண்டு, ஓமெண்டு சொல்லியிருந்தாக் காணும். மற்றதுகளும் சொல்லியிருக்குங்கள்."

அடுத்த வருடம் அவருக்கு மாற்றம் வந்தது. எண்ணெய்த் தாள் படத்தைச் சுருட்டிப் பழைய சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் எண்ணெய்க் கறையாகக் கொஞ்ச நாள் தெரிந்தது. தங்கையின் கலியாணத்துக்கு ஐயா அந்த அறைக்கு வெள்ளை அடித்தார். கலியாணம் நன்றாக நடந்தது. அறுபத்து நாலில் அலாஸ்காவில் பூமி நடுங்கிக் கடல் ஏறியபோது ரீச்சரிடமிருந்து எனக்கு ஒரு தபாலட்டை வந்தது. 'இன்னொரு புள்ளி வைத்திருக்கிறேன். தங்கச்சி சுகமா? வீட்டை மேற்குப் பக்கமாகத் தள்ளிக் கட்டச் சொல்லும்' என்று எழுதியிருந்தார். அப்போது தங்கையின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், கடலைப் பார்த்து. நான் அட்டையை அலுமாரிக்குள் வைத்தேன். பதில் போடவில்லை. சில வருடங்களில் அவர் காலமாகிவிட்டார் என்று யாரோ சொல்லக் கேள்விப்பட்டேன். அவருக்குப் பின் அந்தப் படம் என்ன ஆனது என்று விசாரிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு தடவை பொய் சொன்னதோடு முடிந்திருந்தால் வயது போதாது என்று என்னை நானே மன்னித்திருப்பேன். எனக்கு இரண்டாவது சந்தர்ப்பமும் கிடைத்தது. தங்கையின் மூத்த மகளுக்குக் கலியாணம் வந்தபோது, அதே வளவைச் சீதனமாக எழுத நொத்தாரிசு வீட்டுக்கு வந்தார். வடக்கு எல்லை, தெற்கு எல்லை, கிழக்கே கடல் என்று காணி உறுதிப் பத்திரத்தை உரக்க வாசித்தார். நான் பெரியம்மா என்ற உரிமையில் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எனக்கு அப்போது ஐம்பது வயது. பயப்பட ஐயாவும் இல்லை. கிழக்கே கடல் என்று அவர் வாசித்தபோது சொல்லியிருக்கலாம். நான் தட்டில் இருந்த பயற்றம் பணியாரத்தை எடுத்துச் சாப்பிட்டேன்.

இடையில் யுத்தம் வந்தது. அந்த வளவை விட்டு ஓடினார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி ஓடினார்கள். சமாதானம் என்று சொன்ன வருடங்களில் தங்கை திரும்பிப் போய் உடைந்த சுவர்களை எழுப்பி ஓடு போட்டாள். "அக்கா, இனிச் சாகுமட்டும் இஞ்சதான்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். வாசலில் நின்றால் கடல் தெரிந்தது. இரண்டாயிரத்து நாலு டிசம்பர், நத்தாருக்கு மறுநாள், காற்றில்லாத காலை. மகள் தண்ணீரூற்றுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். வீட்டில் தங்கையும், மகளின் இரண்டு பிள்ளைகளும். நான் முள்ளியவளையில், எனக்கு எழுதிக் கொடுத்த வயல் வீட்டில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அன்று கடல் எந்தப் படலையிலும் நின்று யோசிக்கவில்லை. தங்கையை மூன்றாம் நாள் நந்திக்கடல் பக்கத்தில் எடுத்தார்கள். சின்னப் பேரனை அன்றே எடுத்தார்கள். மூத்தவளான பேத்தியை எடுக்கவேயில்லை.

தங்கையின் மகளை நான் என்னோடு கூட்டிவந்தேன். அவளுக்குப் போக வேறு வீடு இல்லை. புருசனை யுத்தம் முந்தியே எடுத்திருந்தது. நாலைந்து மாதம் கழிந்து, கடல் எதுவரை வந்தது என்று அளந்துகொண்டு சில பொடியன்கள் வந்தார்கள். படித்த, பண்பான பிள்ளைகள். மேசையில் ஒரு பெரிய படத்தை விரித்தார்கள். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. அங்கிருந்து நாடு நாடாகக் கோடுகள். நிறங்கள் மட்டும்தான் பளிச்சென்று இருந்தன. அவர்களில் ஒருவன் கேட்டான்: "அம்மா, இதுக்கு முதல், காத்து மழை இல்லாமல், கடல் இந்தக் கரைக்கு வந்ததெண்டு பெரியாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறீங்களோ?"

அதே கேள்வி. கதிரையை அவர்கள் பக்கமாக இழுத்துப் போட்டேன். பிறகு சொல்லத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. கிழவர் தொட்டுக் காட்டிய தென்னை, நந்திக்கடல் பக்கம் போன வள்ளங்கள், எங்கள் வளவுக் கிணறு, அதில் ஏறிய உப்பு, அதை மூடியது யார், ஏன் சொல்லாமல் விட்டோம், எல்லாம். அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டேயிருந்தான். "நல்ல தகவல் அம்மா, நல்ல பெறுமதியான தகவல்" என்றான். நிமிர்ந்து பார்த்தபோது, தங்கையின் மகள் ரீத் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. கோப்பைகளில் ரீ ஆறி ஆடை படிந்திருந்தது.

அவர்கள் போன பிறகு அவள் தட்டை மேசையில் வைத்தாள். குரல் உயரவில்லை.

"தெரிஞ்சுகொண்டோ பெரியம்மா அம்மாவை அங்க இருக்க விட்டனீங்கள்? என்ர பிள்ளையளையும்?"

நான் மேசைத் துணியை இழுத்து நேராக்கினேன். அவள் ஆறிய ரீயை வெளியே ஊற்றிவிட்டு, கோப்பைகளைக் கழுவி, உலை வைத்தாள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். அதற்குப் பிறகும் ஒரு யுத்தம் எங்களைத் துரத்தியது. முகாமில் வரிசையில் நின்று எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கி வந்தவள் அவள்தான். இப்போது வவுனியாவில் இருக்கிறோம். எனக்குக் கண் மங்கிவிட்டது, முழங்கால் மடங்காது. குளிக்க வார்ப்பதும் அவள், மருந்து எடுத்துத் தருவதும் அவள். அந்தக் கேள்வியை அவள் ஒரு நாளும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. உன் அம்மாவுக்கு அந்தக் கலியாணம் நடக்க வேண்டும் என்றுதான், பிள்ளை. அது நடந்தபடியால்தான் நீ பிறந்தாய். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் இதைச் சொல்ல முடியுமா? அவள் சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்து, என் கையைப் பிடித்து அதில் வைக்கிறாள். நான் தலையைக் குனிந்து சாப்பிடுகிறேன்.